வைஃபை பூட்டு: ஒரு வீர வரலாறு

1997இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்துக் கனவான்கள் கம்பியில்லா வலையமைப்புக்கு 802.11 என்று ஒரு தரநிலை எழுதினார்கள். காற்றில் போவதை எவனும் ஒட்டுக்கேட்பானே! அதற்கு டபிள்யூஇபி என்றொரு பூட்டையும் மாட்டினார்கள்.

சின்னப் பூட்டுதான். ரகசியக் குறியீட்டை 1996 வரை அமெரிக்கா ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. அதற்கப்புறமும் வலுவானதை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏகக் கெடுபிடி. ஆகவே 40 பிட் சாவியே போதும் என்று அளந்து கொடுத்தார்கள் தர்மப் பிரபுக்கள். பிறகு 104 பிட் வந்தது. ஜனங்களுக்குச் சனியும் பிடித்தது.

104 பிட் என்றால் 26 எழுத்து. 0 முதல் 9, ஏ முதல் எஃப், இவ்வளவுதான் சரக்கு. விண்டோஸ் எக்ஸ்பியில் அடிக்கும்போது என்ன அடிக்கிறோம் என்று தெரியாது, புள்ளி புள்ளியாக விழும். முடித்ததும், ‘இன்னொரு தடவை அடி’ என்று கீழே ஒரு பெட்டி நிற்கும். இரண்டிலும் ஒரே தப்பைச் செய்தால் எக்ஸ்பிக்குப் பரம திருப்தி. இணைந்துவிட்டது என்றே காட்டும், இணையம்தான் வராது.

நடுவில், சாவியைச் சரிபார்க்கும் முறை ‘ஓபனா, ஷேர்டா’ என்று வேறு கேட்கும். ஓபன் என்றால் வீடு திறந்து கிடக்குமோ என்று பயந்து ஷேர்டைத் தொட்டவர்கள் பாவம். அதில் ரௌட்டர் ஒரு சவாலை வெளிப்படையாக அனுப்பும். கணினி அதையே குறியீடாக்கித் திருப்பும். கேள்வியும் விடையும் சேர்ந்து ஒட்டுக்கேட்பவன் மடியில் விழும். ஓபனே தேவலை.

2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் ஆர்சி4 என்ற குறியீட்டு முறையை டபிள்யூஇபி பயன்படுத்தும் விதத்தில் இருந்த ஓட்டையைக் காட்டினார்கள். 2005இல் எஃப்பிஐ ஆட்களே சபையில் வைத்து மூன்று நிமிஷத்தில் உடைத்தார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆராய்ச்சியாளர்கள் அதை ஒரு நிமிஷத்துக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் இரண்டாவது பெட்டியை நிரப்புவதற்குள் திருடன் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம்.

இதற்கிடையே 2004இல் டபிள்யூபிஏ2 என்ற புதுப் பூட்டு வந்து மானத்தைக் காப்பாற்றியது. சும்மா இருக்க முடியுமா? நீளச் சாவி அடிக்காமலே இணையப் பாமரருக்கு வசதி என்று டபிள்யூபிஎஸ் கொண்டுவந்தார்கள். எட்டு இலக்க பின் நம்பர் போதும். எட்டு இலக்கமென்றால் பத்துக் கோடி வாய்ப்பு, யார் கண்டுபிடிப்பான்? ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. மிச்சத்தில் முதல் நான்கு சரியா என்று ரௌட்டரே தனியாகச் சொல்லிவிடும். 11,000 முயற்சிக்குள் கதை முடிந்துவிடும் என்று 2011இல் ஸ்டெஃபான் ஃபீபெக் அம்பலப்படுத்தினார்.

அந்த வசதி உங்கள் ரௌட்டரிலும் இருக்கலாம். செட்டிங்ஸுக்குள் போய் அணைத்துவிடுங்கள்.