கடலடியில் ஒரு கணக்கப்பிள்ளை

கேள்வி: ஸ்கூபா டைவிங்குக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். விலையைப் பற்றிக் கவலையில்லை. சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். (சென்னை வாசகர்)

பதில்: ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் 2. கனடா நாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. பெரிய வண்ணத் திரை, இரண்டே பொத்தான்கள், பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் ஏஏ பேட்டரி. இதைவிட விலை கூடியவை உண்டு, அழகானவையும் உண்டு. ஆனால் கலங்கிய நீரில், 30 மீட்டர் ஆழத்தில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒரே பார்வையில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதில் இதற்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: அதிக விலை கொடுத்தால் கடலடியில் அதிக நேரம் இருக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் கடையில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றில் இருக்கும் நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழிகளாகக் கிளம்பி, மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். இதற்கு ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, 1908-ல் அட்டவணை போட்டுக் கொடுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். உடம்பை அவர் ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்துக் கணக்கிட்டார். பின்னால் ஜூரிச் நகர மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் அதைப் பதினாறாக விரித்தார். சில திசுக்கள் நான்கைந்து நிமிடங்களில் பாதி நிறைந்துவிடும். கடைசித் திசு பாதி நிறைய 635 நிமிடங்கள் ஆகும். இன்று ஷியர்வாட்டருக்குள்ளும் கார்மினுக்குள்ளும் ஓடுவது பூல்மன் போட்டுத் தந்த கணக்குதான்.

இந்தக் கருவி உங்கள் ரத்தத்தைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தமும் நேரமும், நீங்கள் எந்த வாயுவைச் சுவாசிப்பதாகச் சொல்லி வைத்தீர்கள் என்பதும்தான். பெட்டகத்தைத் திறக்காமல் வரவு செலவை மட்டும் வைத்து இருப்பைச் சொல்லும் கணக்கப்பிள்ளை அது. ராத்திரி நீங்கள் தூங்கவில்லை, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, நீரோட்டத்தை எதிர்த்துக் களைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதன் ஏட்டில் ஏறாது. அதனால் சற்று இடம்விட்டு வாழ வேண்டியது நம் பொறுப்பு.

அந்த இடத்தை விடுவதற்குத்தான் ‘கிரேடியன்ட் ஃபேக்டர்’ என்ற இரட்டை எண் இருக்கிறது. ஷியர்வாட்டரில் 45/95, 40/85, 35/75 என மூன்று நிலைகள் தயாராக உண்டு. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். நீர்மட்டத்துக்கு வரும்போது, திசுக்கள் தாங்கும் என்று பூல்மன் கணித்த எல்லையில் எத்தனை சதவீதம் வரை நெருங்கலாம் என்பதை அது சொல்கிறது. 95 வைத்தால் நிமிடங்கள் கூடும், 75 வைத்தால் பாதுகாப்பு கூடும். ஐம்பதைத் தாண்டியவர்களும், ஒரே நாளில் மூன்று முறை இறங்குகிறவர்களும் 35/75 வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கேள்வி: கைக்கடிகாரம் போலவே வருகிறதே, அதை வாங்கக் கூடாதா? (மதுரை வாசகர்)

பதில்: தாராளமாக வாங்கலாம். ஷியர்வாட்டர் டெரிக், கார்மின் டிசென்ட் எம்கே3ஐ இரண்டுமே முதல் தரம். கார்மினில் ஒரு விசேஷம்: சிலிண்டரில் பொருத்தும் டி2 கருவி இருவரிடமும் இருந்தால், 30 மீட்டர் தொலைவு வரை ஒலியலை வழியே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பலாம். கடலுக்கடியில் போனாலும் வீட்டுக்காரம்மாவின் செய்திக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. வாசிப்புக் கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? அதைக் கழற்றிவிட்டு, டைவிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் திரையைப் பாருங்கள். எண்கள் தெரியவில்லையென்றால் பெரிய திரைக்குப் போய்விடுங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ‘அழகா, எழுத்தா’ என்ற கேள்வி வந்தால் எழுத்தைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கடிகார வகைகளுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும்; ஏஏ பேட்டரியைப் படகிலேயே மாற்றிவிடலாம்.

கேள்வி: ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா போதாதா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: 40 மீட்டர் வரை, சாதாரணப் பொழுதுபோக்கு டைவ்களுக்குப் போதும். பணம் பொருட்டில்லாதவர் அதை இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றை மணிக்கட்டிலேயே காட்டும் டிரான்ஸ்மிட்டர் ஆடம்பரமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: இல்லை, நல்ல செலவு. எத்தனை பார் மிச்சம் என்பதோடு, நீங்கள் மூச்சுவிடும் வேகத்தில் அது எத்தனை நிமிடம் வரும் என்றும் சொல்லும். தன் மூச்சின் வேகத்தைத் தானே பார்ப்பது போலப் பயிற்சி வேறில்லை. ஆனால் ரேடியோ சமிக்ஞை சில நேரம் அறுந்துபோகும். குழாயில் தொங்கும் பழைய கேஜைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டாளியிடம் கம்ப்யூட்டர் இருந்தால் எனக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள மாட்டாரா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: அவர் நைட்ரஜன் அவருக்கு, உங்கள் நைட்ரஜன் உங்களுக்கு.

கேள்வி: மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டும். அதற்கு எந்தக் கம்ப்யூட்டர்? (கொழும்பு வாசகர்)

பதில்: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானம்தாங்கிக் கப்பல் அது. கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையோ 40 மீட்டர். அந்த ஆழத்தில், நைட்ரஜன் வெளியேற நடுவழியில் நிறுத்தம் எதுவும் செய்யாமல் மேலே வரக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய நிமிடங்களே. நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்துகொள்ளும். ஷியர்வாட்டரின் பெர்டிக்ஸ் 2-ம் பெட்ரெல் 3-ம் ஹீலியம் கலந்த வாயுக்களுக்கும், நடுவில் சிலிண்டர் மாற்றுவதற்கும் கணக்குப் போடும். ஆனால் டெக்னிகல் டைவிங் பயிற்சி பெறாதவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. முதலில் பயிற்சிக்குச் செலவழியுங்கள். ஹெர்மிஸ் காத்திருக்கும்.

கேள்வி: ஒன்று வாங்கியும் பணம் மிஞ்சுகிறது. என்ன செய்யலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: இன்னொன்று வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டைவ் நடுவில் கருவி அணைந்துபோனால் பொறுமையாக மேலே வந்துவிட வேண்டியதுதான். அதன்பின் புதிய கம்ப்யூட்டரைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு உடனே இறங்கக் கூடாது. உங்கள் உடம்பில் ஏற்கெனவே எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்கக் கரையில் உட்கார வேண்டும். அந்தமான் வரை போய்விட்டு நாற்காலியில் உட்காருவது பெரிய வேதனை. இரண்டும் கையில் இருந்தால் அந்த நாள் மிஞ்சும்.

இரண்டாவதற்கு ஷியர்வாட்டர் பெரிக்ரின் எடுங்கள், பெர்டிக்ஸில் வைத்த அதே எண்களை இதிலும் வையுங்கள். வேறு நிறுவனத்தின் கருவி வேறு கணக்கில் ஓடலாம். சூன்டோ பல காலம் ஆர்ஜிபிஎம் என்ற தனிக் கணக்கையே பயன்படுத்தியது. இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால், எது சீக்கிரம் மேலே வரச் சொல்கிறதோ, எது அதிக நேரம் நிறுத்தச் சொல்கிறதோ அதற்கே கட்டுப்படுங்கள்.

கேள்வி: கடைசி டைவ் மாலை நான்கு மணிக்கு, விமானம் மறுநாள் காலை ஏழு மணிக்கு. சரிதானே? (பெங்களூரு வாசகர்)

பதில்: பதினைந்து மணி நேரம்தான் இருக்கிறது. ஒரே ஒரு டைவ், அதுவும் கட்டாய நிறுத்தம் இல்லாதது என்றால் 12 மணி நேரம் போதும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டல். பல டைவ்களோ பல நாட்களோ இறங்கியிருந்தால் 18 மணி நேரம். கட்டாய நிறுத்தம் செய்திருந்தால் அதைவிடவும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். டைவ் பயணம் போகிறவர் பெரும்பாலும் பல முறை இறங்கியிருப்பார். ஆகவே மாலை விமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பணம் பிரச்சினையில்லை என்கிறவர்கள் அதைக் காட்ட வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: வாங்கிவிட்டேன். முதலில் என்ன செய்யட்டும்? (சேலம் வாசகர்)

பதில்: கையேட்டை முழுதாகப் படியுங்கள். பிறகு நீச்சல் குளத்தில் கட்டிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பழகுங்கள். படகில் ஏறியதும், சிலிண்டரில் இருக்கும் வாயுவும் கருவியில் பதிந்திருக்கும் வாயுவும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் வாயுவில் சுமார் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. காற்று என்று பதிந்துவிட்டு அதைச் சுவாசித்தால் எந்த விலைக் கருவியும் அந்த எல்லையை உங்களுக்குச் சொல்லாது.