ஆவிகளின் இராப்பணி

டாஸ்மேனியாத் தீவிலே, 1830இல் மரம் வெட்டும் முகாமாகத் தொடங்கி 1877இல் மூடப்பட்ட போர்ட் ஆர்தர் கைதிக் குடியிருப்பின் ‘தனிச் சிறை’யில், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதும் குற்றமாயிருந்தது, அறையை விட்டு வெளிவந்தால் முகத்துக்கு மறைப்பு, ஜெபக்கூடத்திலும் அண்டையில் நிற்பவன் தெரியாதபடி பலகைத் தடுப்பு, காவலரின் காலடி கேளாதிருக்கக் கம்பளிச் செருப்பு. இவ்வளவு சிரத்தையோடு மௌனம் பயிற்றுவிக்கப்பட்ட அந்த ஜீவன்கள், தேகத்தை நீத்த பிற்பாடு, கட்டணம் செலுத்திவிட்டு லாந்தர் வெளிச்சத்தில் திரளும் யாத்திரிகர்களின் திருப்திக்காக, இரவுதோறும் சம்பளமின்றி முனகுவதாகவும் பெருமூச்செறிவதாகவும் வழிகாட்டிகள் வர்ணிக்கிறார்கள். ஆயினும் அவ்வூரில் கியாதி மிகுந்தது பாதிரியார் இல்லமாம். பேய்ப் பந்தியிலும், பாவம், கைதிக்குக் கடைசி இலைதான் போலும்.