ஒரு கைநாட்டு, ஐந்து வேட்டை

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகச் சங்கப் புலவர் வன்பரணர் பாடிவைத்தார். மலைமேல் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி வருஷா வருஷம் அரசு விழாவும் நடக்கிறது. ஆனால் அவனுடைய சாதனை முறியடிக்கப்பட்டு வெகுநாளாகிறது. விழாக் குழுவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நூறு நாள் வேலைக் கூலி வாங்க வங்கிக்குப் போகும் கொல்லிமலைக்காரர் ஒரே ஒரு கைநாட்டு வைத்தால் போதும். சேமிப்புக் கணக்கு, ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், எஸ்.எம்.எஸ். கட்டணம், விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு என்று ஐந்தும் ஒரே வீச்சில் விழுந்துவிடலாம். பாட வன்பரணர் இல்லை. பாஸ்புக்கில் மட்டும் வரி வரியாக அச்சாகும்.

ஐந்தில் கடைசி இரண்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு. 2015 மே 9 அன்று கொல்கத்தாவில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டங்கள் அவை. ஆயுள் காப்பீடான ஜீவன் ஜோதியில் 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆண்டுக்கு 330 ரூபாயாக இருந்த பிரீமியம் 2022 ஜூன் முதல் 436 ஆனது. சுரக்ஷா, விபத்துக்கானது. அதே 2 லட்சம்; 12 ரூபாய் 20 ஆனது. மலிவுதான், மறுக்கவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவரிடம் போய் உனக்கு விபத்துக் காப்பீடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? திட்டத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. கேட்காமல் சேர்த்துவிடுகிறார்களே, அதோடுதான்.

கேட்கவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கேட்பார்கள், இப்படி:

"இங்க ஒரு ரேகை வைங்கம்மா."

"எதுக்குங்க சார்?"

"பணம் வரணும்ல? அதுக்குத்தான்."

யாருக்கு வரணும் என்று அவர் சொல்லவில்லை. அந்த அளவில் அவர் பேசியது சத்தியம்.

மேலிடம் மண்டலத்துக்கு டார்கெட் கொடுக்கிறது, மண்டலம் கிளைக்குக் கொடுக்கிறது, கிளை கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் தலையில் கட்டுகிறது. பையன் யார் தலையில் கட்டுவான்? எதிரே தலையில் முண்டாசோடு நிற்கிறவர் தலையில்தான். இப்படிச் சம்மதம் இல்லாமல் சேர்க்கப்பட்டதாக நாடெங்கும் புகார்கள் வந்தபடியே இருக்கின்றன. ஆனால் ஆண்டறிக்கையில் அந்தக் கைநாட்டுகள் எல்லாம் சமூகப் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டோர் என்ற தலைப்பில் கம்பீரமாக நிற்கும்.

இதில் கொடுமையிலும் கொடுமை ஒன்று உண்டு. தன் பேரில் பாலிசி இருப்பதே தெரியாமல் ஒருவர் செத்துப்போனால், அவர் பெண்டாட்டி எந்த 2 லட்சத்தை எங்கே போய்க் கேட்பாள்? பாஸ்புக்கில் அந்தப் பிடித்தம் தன் முழுப்பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளாது. நான்கைந்து இங்கிலீஷ் எழுத்து, ஒரு நம்பர், 436. காப்பீட்டு வியாபாரத்தில் இதைவிடத் தங்கமான வாடிக்கையாளர் கிடைப்பாரா? பிரீமியம் தவறாமல் கட்டுவார். இழப்பீடு கேட்டு வாசலுக்கே வரமாட்டார்.

பிடிக்கும் நேரத்தையும் பாருங்கள். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு காப்பீட்டு ஆண்டு. ஆகவே மே கடைசி வாரத்தில் கணக்கில் கை விழும். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்க, நோட்டும் பையும் வாங்க, எடுக்கலாம் என்று வைத்திருந்த பணம். எடுக்கப் போனால் ஏற்கெனவே எடுத்தாயிற்று.

சரி, நிறுத்திவிடலாமே என்பீர்கள். எந்த ஆண்டும் விலகிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. எவ்வளவு பெரிய மனசு! பெரக்கரைநாட்டிலிருந்தோ குண்டனிநாட்டிலிருந்தோ பஸ் பிடித்துச் செம்மேட்டுக்கு வர வேண்டும். கணக்கு கீழே சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ இருந்தால் அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அன்றைய கூலி போச்சு. இறங்கிப் போனால் மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார், சிஸ்டம் ஸ்லோவாக இருக்கும், படிவம் தீர்ந்திருக்கும். கைநாட்டு வைத்தால் செல்லாது, கையெழுத்து வேண்டும் என்பார்கள். கையெழுத்துப் போட்டால் பொருந்தவில்லை என்பார்கள். ஓ.டி.பி. வரும் என்பார்கள், மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறுவதற்குள் அதற்கு ஆயுசு முடிந்திருக்கும். பிடித்தத்துக்கு மட்டும் எந்தச் சிக்னலும் தேவைப்பட்டதில்லை. 20 ரூபாயைத் திரும்பக் கேட்க அதைப்போலப் பல மடங்கு செலவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் நம் ஆள் பேசாமல் வீட்டில் இருந்துவிடுகிறார். அவர் இருந்துவிடுவார் என்ற கணக்கும் அங்கே முன்பே போடப்பட்டிருக்கிறது.

அது சில்லறைக் கொள்ளை. மொத்த வியாபாரம் வேறு. மிளகும் காபியும் விற்ற காசை டெபாசிட்டில் போட ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். "ஐயா, எஃப்.டி.யைவிட நல்ல திட்டம் ஒண்ணு இருக்குது, ஒரே ஒரு தடவை போட்டா போதும்" என்று உட்காரவைத்து டீ வாங்கித் தருவார்கள். வங்கியில் டீ வந்தால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. மறுவருடம் அதே மாதம் அதே தொகை கணக்கிலிருந்து தானாகப் போகும்போதுதான் போட்டது டெபாசிட் இல்லை, பத்து வருடப் பாலிசி என்பது தெரியும்.

ஏன், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிவிடலாமே? உண்மைதான். முன்பு பெரும்பாலும் 15 நாளாக இருந்ததை 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 30 ஆக்கியது. ஆனால் பாலிசி எங்கே வந்தது? மின்னஞ்சலுக்கு. எந்த மின்னஞ்சலுக்கு? விற்றவர் தானே உருவாக்கிப் படிவத்தில் எழுதிக்கொண்ட முகவரியாகவும் அது இருக்கலாம். பாவம், அவரும் திறந்து படித்திருக்கமாட்டார்.

சரண்டர் செய்கிறீர்களா? 2024 அக்டோபர் முதல் விற்கும் பாலிசிகளில் முதலாண்டுப் பிரீமியம் முழுக்கக் கட்டி அந்த ஆண்டு முடிந்தாலே ஏதோ கொஞ்சம் திரும்பும். அதற்கு முன்னால் விற்றவற்றில் இரண்டாண்டு முழுக்கக் கட்டாமல் நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் நாமம்தான். அந்தக் கொஞ்சத்தை வாங்கவும் அசல் பத்திரம், ஆதார் ஜெராக்ஸ், ரெவின்யூ ஸ்டாம்பு, கூடவே கேன்சல் செய்த காசோலை ஒன்று. ஜீரோ பேலன்ஸ் கணக்குக்காரர் பலரிடம் காசோலைப் புத்தகமே இருக்காது.

ஆட்டோ டெபிட்டையாவது நிறுத்துங்கள் என்றால் வங்கி கம்பெனியிடம் போகச் சொல்லும்; கம்பெனி வங்கியிடம் போகச் சொல்லும். அட்டை வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ மாதாமாதம் போகும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி, ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறவர்களுக்குப் பெரிய தைரியம். ஒரு விரல் தட்டினால் ரத்து. காகிதத்தில் ரேகை வைத்தவருக்கு அந்த விரல் உதவாது. பேசாமல் பணத்தை எடுத்துவிட்டால்? பிடித்தம் பணமில்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறைக்கும் 250 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுமாக 295 பிடிக்கும் வங்கிகள் உண்டு. தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. பிரீமியம் கட்டப் பணமில்லாமல் போன குற்றத்துக்கு இருக்கிறது.

குற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. கடனுக்காக நாம் எழுதிக்கொடுத்த மின்னணுப் பிடித்தம் பணமில்லாமல் திரும்பினால், 2007-ஆம் ஆண்டுப் பணப் பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. நம்மைக் கேட்காமல் நம் கணக்கிலிருந்து எடுத்தவருக்கு? நாமே கண்டுபிடித்து, நாமே இறங்கிவந்து, நாமே மனுப் போட்டு, நம் அதிர்ஷ்டமும் சரியாக இருந்தால், எடுத்ததைத் திரும்ப வைப்பார்கள். அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கும்.

2023 செப்டம்பரில் தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கணக்குகளில் விழத் தொடங்கியதும் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மினிமம் பேலன்ஸ் இல்லை, பழைய பாக்கி இருக்கிறது என்று சில வங்கிகள் அதிலும் கைவைத்தன. அந்தத் தொகையில் எதையும் கழிக்கக் கூடாது என்று மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது. ஓர் அரசு மக்களுக்குக் கொடுத்த பணத்தை எடுத்துக்கொள்ளாதே என்று வங்கியிடம் அமைச்சர் சொல்ல வேண்டிய தேசம் இது. குறைந்தபட்ச இருப்பு இல்லாத குற்றத்துக்காகப் பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் ஐந்தாண்டில் வசூலித்தது சுமார் 8,500 கோடி என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். பணம் இல்லாதவர்களிடம் இருந்து 8,500 கோடி! பிற்பாடு பல வங்கிகள் அதைக் கைவிட்டன. வாங்கியதைத் திருப்பித் தந்ததாகச் செய்தி இல்லை.

2024 நவம்பரில் மும்பையில் வங்கிக்காரர்கள் கூடிய மாநாட்டில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், காப்பீட்டைத் தவறாக விற்பது கடன் வாங்குவோரின் செலவை மறைமுகமாக ஏற்றுகிறது, வங்கிகள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும் என்றார். நியாயமான பேச்சு. அவர் பேசிய கூட்டத்தை நடத்தியதே அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் வங்கி. கடை முதலாளியே வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே கலப்படம் நடக்கிறது, ஜாக்கிரதை என்று நம்மிடம் சொன்னால் நாம் யாரிடம் போய்ச் சொல்வது?

போக இடமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பலாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசு கிடையாது, விவரத்துக்கு 14448. காப்பீட்டுக் கம்பெனி மேல் புகார் என்றால் 155255. அதற்கும் மேலே சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் முதல் தேவை, நீங்கள் புகார் கொடுத்தீர்கள் என்பதற்கு ஒரு சீல். அதைத்தான் லேசில் தரமாட்டார்கள். ஆகவே கடிதம் இரண்டு பிரதியாக இருக்கட்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. ஐயா, என் கணக்கிலிருந்து இன்ன தேதியில் இன்ன தொகை காப்பீட்டுக்கென்று பிடிக்கப்பட்டுள்ளது. அதற்கு நான் ஒப்புதல் கொடுத்ததாகச் சொல்லும் படிவத்தின் நகலைத் தரவும். தர முடியாவிட்டால் இதுவரை பிடித்தது முழுவதையும் திரும்ப வரவு வைக்கவும். இன்று முதல் பிடித்தத்தை நிறுத்தவும். நிறுத்துவதற்கு என் கைநாட்டுச் செல்லாது என்றால், பிடிப்பதற்கு அது எப்படிச் செல்லுபடியானது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். இணைப்பு: பாஸ்புக் ஜெராக்ஸ் ஒன்று, காரவள்ளிக்கு இறங்கிவந்த பஸ் டிக்கெட் ஒன்று. பிந்தையதற்கான தொகையையும் என் கணக்கில் சேர்க்கவும். அதற்கு என் ஒப்புதல் உண்டு."