சங்கிலிக்குக் காய்ச்சல் பார்த்தவர்

1802 ஏப்ரல் 10. மெட்ராஸ் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, நில அளவையாளர் வில்லியம் லாம்டன் துரை பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்றைப் படுக்கவைத்துக் காய்ச்சல் பார்க்கத் தொடங்கினார். சூடு ஏறினால் எஃகு நீளும், அளவு கெடும். அதனால் சங்கிலிக்குக் கீழே மரப்பெட்டி, மேலே கூடாரம், பக்கத்தில் தெர்மாமீட்டர். அதைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு அக்னி நட்சத்திரம்.

அந்தச் சங்கிலிக்கும் ஒரு சோகக் கதை உண்டு. சீனச் சக்கரவர்த்தியை மயக்க 1793இல் ஆங்கிலத் தூதுக்குழு கொண்டுபோன சாமான்களில் அதுவும் ஒன்று. அங்கே சீந்துவாரில்லை. கைமாறி, கல்கத்தா வழியாக லாம்டனிடம் வந்து சேர்ந்தது.

பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல். 400 தடவை சங்கிலி போட்டு, 57 நாளில் முடித்தார். மாலை ஆறு மணி நெரிசலில் இதே பாதையில், மேடவாக்கம் வழியாகப் போய்ப் பார்த்தவர்கள் இதற்குச் சிரிக்கமாட்டார்கள்.

கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்குப்பிள்ளைகள் சிரித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க இவ்வளவு செலவா, பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் கொண்டுபோய் இறக்கிவிடமாட்டானா என்று கேட்டாராம் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் துரைக்கு ஊர் போய்ச் சேருவதில் அக்கறை இல்லை. பூமி எவ்வளவு உருண்டை என்று தெரியவேண்டும். நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலையில், முதல் கோட்டில் ஓர் அங்குலம் பிசகினால், அதன்மேல் அடுக்கும் முக்கோணமெல்லாம் பிசகும். கட்டடத்துக்கு வானம் தோண்டுகிற கொத்தனாருக்குப் புரிகிற விஷயம், கஜானாக்காரருக்குப் புரியவில்லை.

கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு மடக்கி மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிரித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். எதிரியிடம் தப்பியது தஞ்சாவூரில் மாட்டியது. காவிரிச் சமவெளியில் மேடு ஏது? தென்னந்தோப்புக்கு மேலே பார்வை போகவேண்டுமென்றால் கோயிலில்தான் ஏறவேண்டும். 1808இல் பெரிய கோயில்மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி போய்ச் சுவரில் மோதியது. ராஜராஜன் வைத்த கல்லுக்கு என்ன ஆகப்போகிறது? கருவியின் வட்டம்தான் நசுங்கியது.

வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கடுதாசி எழுதிவிட்டு, புதுக் கருவி வரும்வரை சாய்வுநாற்காலியில் கிடந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆறு வாரம் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார். பொற்கொல்லர் பொறுமை.

1823இல், அளக்கப்போன வழியிலேயே, ஹிங்கன்காட்டில் இறந்தார். அளவை நிற்கவில்லை, இமயமலை அடிவாரம்வரை போனது. 1852இல் அந்த அளவைக்குக் கணக்குப் போட்ட ராதாநாத் சிக்தார் உலகிலேயே உயரமான சிகரத்தைக் கண்டுபிடித்தார். பெயர் வைக்கும்போது, லாம்டனுக்குப் பின் வந்து, 1843இலேயே ஓய்வுபெற்றுக் கிளம்பிய ஜார்ஜ் எவரெஸ்டுக்கு யோகம் அடித்தது.

அந்தச் சிகரத்தின் வடக்குச் சரிவு இன்று சீனாவில் இருக்கிறது. சங்கிலியை அன்றே வாங்கி வைத்திருக்கலாம்.