லினக்ஸ் கணினியில் ஸ்க்ரோல் வேகம்: பொறுப்பாளரைத் தேடி ஓர் ஆய்வு

முன்னுரை

1996-இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டெல்லிமவுஸில் சக்கரம் வைத்து விற்றது. அன்றுமுதல் அதை உருட்டாத ஆள்காட்டி விரல் அரிது. ஆயினும், ‘சக்கரம் ஒரு டிக் நகர்ந்தால் பக்கம் எவ்வளவு நகர வேண்டும்?’ என்னும் வினாவை நம் ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை

விண்டோஸ் இவ்வாய்வில் இடம்பெறாது. அங்கே ஒரு டிக்குக்கு மூன்று வரி. பிடிக்காவிட்டால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். தீர்ந்துபோன சிக்கலில் ஆய்வாளனுக்கு வேலையில்லை.

கருதுகோள்

லினக்ஸில் ஸ்க்ரோல் வேகத்துக்கு யாரும் பொறுப்பல்லர்.

சான்றுகள்

முதற்கண், லினக்ஸின் மையமான கெர்னல். சாதாரண மவுஸ் சக்கரம் டிக் ஒன்றுக்கு 15 பாகை திரும்பும். முழுச் சுற்றுக்கு 24 டிக். ‘ஒரு டிக் நடந்தது’ என்று அறிவிப்பதோடு கெர்னலின் கடமை முடிந்தது. 2019-இல் வந்த 5.0 பதிப்பு முதல் ஒரு டிக்கை 120 கூறாகப் பிரித்துச் சொல்லவும் அதற்குத் தெரியும். நுட்பம் கூடியது, பொறுப்பு கூடவில்லை.

அடுத்தது, உள்ளீட்டுச் சாதனங்களைக் கவனிக்கும் லிப்இன்புட். அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி தரும் இது, சக்கரம் என்றதும் ‘இத்தனை பாகை சுழன்றது’ என்று எழுதி மேலே அனுப்பிவிடும். மேலே இருப்பது டெஸ்க்டாப். அவற்றுள் ஒன்றான க்னோம் அம்புக்குறிக்கு ஸ்லைடர் வைத்தது; சக்கரத்துக்கு நெடுங்காலம் வைக்கவில்லை. கடைசியில் சுமை செயலிகளின் தலையிலும் அவற்றைக் கட்டும் கருவித்தொகுப்புகளின் தலையிலும் விழ, ஜிடிகே ஒரு கணக்கு, க்யூட்டி ஒரு கணக்கு, ஃபயர்பாக்ஸ் ஒரு கணக்கு போடுகின்றன. ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு மேசை மேசையாக நகரும் அரசுக் கோப்பு இதனினும் விரைவில் முடிவு காணும்.

டச்பேட் இயல்

டச்பேடுக்கு டிக் கிடையாது. விரல் நகர்ந்த தூரமே கணக்கு. பழைய சினாப்டிக்ஸ் டிரைவரில் இதற்கென ஓர் எண் இருந்தது. எண் குறையக் குறைய வேகம் கூடும். எதிரெண் இட்டால் திசையே தலைகீழாகும். வகுத்தவர் தத்துவம் பயின்றவர் என்பது பெறப்படும்.

ஐஎம்வீல் என்னும் உபாயம்

திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரின் அடிப்படை நெறிமுறைக்குச் சக்கரம் என்பதே பட்டன்தான்: மேலே உருட்டினால் நான்காம் பட்டன், கீழே உருட்டினால் ஐந்தாம் பட்டன். ஐஎம்வீல் என்னும் நிரல் இடையில் நின்று ஓர் அழுத்தத்தை மூன்றாக்கும். அதன் அமைப்புக் கோப்பில் ‘பட்டன்4’ என்பதற்குப் பக்கத்தில் ‘3’ என்று எழுதினால் போதும். ஆனால் டச்பேடின் ஸ்க்ரோலும் அதே பட்டன் வழியாகவே வருவதால், லேசாகத் தடவினாலும் பக்கம் பறக்கும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டிலோ இவ்வித்தை பலிக்காது.

தடையும் விடையும்

அஃதேல், ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு ஸ்லைடர் வைத்தால் என்ன எனின், அற்றன்று. டெஸ்க்டாப் இரு மடங்காக்கி, உலாவியும் இரு மடங்காக்கினால் விளைவு நான்கு மடங்கு. சக்கரத்துக்குப் பொருந்தும் பெருக்கம் டச்பேடுக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஆதலின் ஒவ்வொருவரும் பெருக்கும் வேலையை அடுத்தவருக்கு விட்டனர் என்க.

முடிவுரை

கருதுகோள் ஐயமற நிறுவப்பட்டது. எனினும், முற்றும் படித்தவரை வெறுங்கையோடு அனுப்புவது ஆய்வு மரபன்று. கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பை வேலண்டில் இயக்குபவர்கள் மவுஸ் அமைப்பில் உள்ள ஸ்க்ரோல் ஸ்லைடரை நகர்த்தினால் போதும். ஸ்வே சாளர மேலாளரின் பயனர்களுக்கு அமைப்புக் கோப்பில் ‘ஸ்க்ரோல்_ஃபேக்டர்’ உண்டு. மற்றவர்கள் ஃபயர்பாக்ஸின் ‘அபவுட்:கான்ஃபிக்’ பக்கத்துக்குப் போய், ‘மவுஸ்வீல்.டீஃபால்ட்.டெல்டா_மல்டிப்ளையர்_ஒய்’ என்னும் நீண்ட பெயருக்கு எதிரே உள்ள 100-ஐ 200 ஆக்குக. எதைச் செய்தாலும் ஓர் இடத்தில் மட்டும் செய்யுங்கள். இரண்டு இடத்தில் கைவைத்தால் எந்த எண் எதைப் பெருக்குகிறது என்று கண்டுபிடிக்கத் தனி ஆய்வு தேவைப்படும்.