வாய் நிறையப் பிள்ளைகள், பட்டம் மட்டும் சண்டியர்

பினாங்கில் தியோடர் கேண்டர் என்று ஒரு டாக்டர் இருந்தார். டென்மார்க்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீன்களைப் பார்த்தார். (நோயாளிகள் பிழைத்திருப்பார்கள் என்று நம்புவோம்.)

சயாமின் சண்டை மீனும் பினாங்கு ஓடை மீனும் ஒரே ஜாதி என்று முடிவுகட்டி, 1849-இல் 'பக்னாக்ஸ்' என்று பெயர் வைத்தார். சண்டியர் என்று அர்த்தம்! சயாமியர்கள் மீன் சண்டையில் குடும்பத்தையே பணயம் வைப்பதாகவும் எழுதினார். தர்மபுத்திரருக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் போல.

1910-இல் லண்டன் மியூசியத்து டேட் ரீகன், "ஐயா, இது வேறு, அது வேறு" என்றார். சயாம் வீரனுக்குப் புதுப் பெயர் கிடைத்தது. சண்டியர் பட்டம் நம்ம ஓடை மீனிடமே தங்கிவிட்டது.

பேராக் மலையோர ஓடைகளில் அந்தச் சண்டியர் என்ன செய்கிறார் தெரியுமா? பிள்ளை வளர்க்கிறார். வாய்க்குள்ளே! பெண் மீன் முட்டைகளைப் பொறுக்கி அவர் முகத்துக்கு நேரே துப்ப, இவர் லபக்கென்று பிடித்துக்கொள்கிறார். அப்புறம் ஏறத்தாழ இரண்டு வாரம் மௌன விரதம். வாயைத் திறந்தால் வம்சமே போய்விடும், சண்டைக்கு எங்கே போவது?

தோட்டத்துப் பையன்கள் ஜாம் பாட்டிலில் மோதவிட்டது இவருடைய உறவுக்காரரை. அவருக்கு 1975-இல் ஜெர்மானியர் லாடிகஸ் சூட்டிய பெயர் 'இம்பெல்லிஸ்': சண்டை தெரியாத சாது. லயத்துப் பையன் ஒருவனைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். சாது நுரையில் கூடு கட்டுவார், முட்டைகளைக் காப்பார், பெற்றவளையே அடித்து விரட்டுவார். முழுநேர சிங்கிள் ஃபாதர்.

அடுத்து வருகிறார் இன்னொரு மீன், மகாராஜா கெலிசா. சொந்த ஊர் புக்கிட் மேரா. கிரியான் நெல்வயல்களுக்காக வெள்ளைக்காரன் 1906-இல் கட்டி முடித்த ஏரி. இப்போது தவுக்கே வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அதிர்ஷ்ட டிராகன். உடம்பில் மைக்ரோசிப், கூடவே சர்ட்டிஃபிகேட். ஆணா பெண்ணா என்று மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஆணாக இருந்தால் இவருக்கும் அதே கதிதான்: வாய் நிறைய வாரிசு, வாரக்கணக்கில் பட்டினி. கதையில் வரும் டிராகன் நெருப்பைக் கக்கும். இவர் குஞ்சுகளைக் கக்குகிறார்.

திலாப்பியா வீட்டில் மட்டும் சுமப்பது அம்மா. ஐயா மண்ணில் குழி பறித்துக் கல்யாணத்தை முடித்துவிட்டு அடுத்த பெண்ணுக்கு வலை வீசுவார். ஜப்பான்காரன் ஆட்சியில் ஜாவாவிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் குடும்பம் இது. ஜப்பான்காரன் 1945-இல் மூட்டை கட்டினான். இவர்கள் கிந்தா ஈயலம்பக் குட்டைகளில் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். சிப்பும் கிடையாது, சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது, நேரே புளிக்குழம்புதான்.