பிரேக் டிஸ்க்கின் ஓய்வு வயது

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: வார்ப்பிரும்புக்கு நாட்காட்டி பார்க்கக் கற்றுத்தரக் கோரும் விண்ணப்பம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

சொந்த உபயோகக் காருக்குப் பதிவுச் சான்றிதழ் (ஆர்.சி.) 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை. முதல் 15 ஆண்டுகளில் புகைச் சான்றிதழ் கேட்பார்கள், இன்சூரன்ஸ் கேட்பார்கள். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதினாறாவது ஆண்டு பிறந்ததும் அதே பிரேக் பொதுமக்களுக்கு ஆபத்தாகிவிடுகிறது. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. 2025-இல், 20 வயது தாண்டிய கார்களுக்கு ரூ.10,000. கட்டணம் ஏற ஏற வண்டி சட்டென்று நிற்கும் என்பது தங்கள் பொறியாளர்களின் கண்டுபிடிப்பாக இருக்க வேண்டும்.

இந்த ஆண்டுக் கணக்குக்கு ஒத்துழைக்க மறுப்பது பிரேக் டிஸ்க்தான். அதற்கு வயது தெரியாது, தடிமன்தான் தெரியும். இதற்குக் கீழே தேய்ந்தால் மாற்று என்று மில்லிமீட்டர் கணக்கைப் பெரும்பாலான டிஸ்க்குகளின் மேலேயே பொறித்திருக்கிறார்கள். புதிய தடிமனுக்கும் அந்த எல்லைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் 2 மி.மீ. சொச்சம். அதைத் தின்பது ஓடிய தூரமும் இறங்கிய மலையும் மிதித்த காலும். டிஸ்க் மெலிய மெலிய சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு போதாமல் போகிறது. தொடர்ந்து மிதித்தால் பிடி தளர்கிறது, டிஸ்க்கில் விரிசலும் விழலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளும் மூட்டையுமாக வாராவாரம் இறங்கும் 6 வயதுக் கார் தங்கள் கணக்கில் இளங்காளை. கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் 21 வயது மாருதி 800 கிழம். இங்கிலாந்துக்காரர்கள் கார் 3 வயதைத் தொட்டதுமே ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்கு அனுப்புகிறார்கள்; அதில் பிரேக்கும் உண்டு. பாவம், 15 ஆண்டு காத்திருக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை.

பழைய வண்டியைக் குறைப்பது காற்றுக்காக என்பீர்கள். பழைய எஞ்சின் இன்றைய பாரத் ஸ்டேஜ் புகை விதிக்கு எட்டாது என்பதில் சண்டையில்லை. அப்படியானால் ரசீதில் ‘புகைக்கு’ என்றே எழுதிவிடலாமே, பாதுகாப்பின் பெயரை ஏன் இழுக்க வேண்டும்? மேலும் ரூ.10,000 கட்டிய மறுநாள் புகை குறைவதில்லை. அந்தப் பணத்தில் சிறிய காருக்கு முன்சக்கர டிஸ்க் இரண்டும் பேடும் வாங்கலாம், மீதியும் இருக்கும்.

கனமான ஆட்சேபம் வேறு. தேய்ந்த டிஸ்க்கை மாற்றச் சொன்னால், பழைய கார்க்காரன் கூலிக்கு அஞ்சித் தானே ஸ்பேனரை எடுப்பான். கற்றுக்குட்டி பிரேக்கில் கை வைக்கலாமா? அச்சம் நியாயமானதே. ஆனால் வேலை என்னவோ சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரை விலக்கி, பழையதை எடுத்துப் புதியதை மாட்டுவதுதான். துருவேறி ஹப்போடு ஒட்டிக்கொண்ட டிஸ்க் கொஞ்சம் பாடாய்ப் படுத்தும், அவ்வளவே. ஆபத்து சில குறிப்பிட்ட தவறுகளில் இருக்கிறது. ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்புவது, காலிப்பரைக் கம்பியில் கட்டாமல் பிரேக் ஹோஸிலேயே தொங்கவிடுவது, ஹப்பின் துருவைச் சுரண்டாமல் மாட்டிவிட்டுப் பெடல் துடிக்கிறதே என்று விழிப்பது, புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைக்க மறப்பது, ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது, போல்ட்டைக் குத்துமதிப்பாக முறுக்குவது. எல்லாவற்றிலும் மோசம், உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடை வந்து தொடும்வரை பெடலை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுப்பது. முதல் மிதியில் கால் தரையைத் தொடும். இத்தனையையும் ஒரே தாளில் அச்சிட்டு ஆர்.சி.யோடு தரலாம். இதுவரை நம் கைக்கு வந்தது ரசீது மட்டுமே.

கோடிக்கணக்கான சக்கரங்களை யார் கழற்றுவது, ஆண்டை எண்ணுவது சுலபம் என்று தங்கள் அலுவலர்கள் முறையிடக்கூடும். சுலபம்தான். ஆனால் அலாய் சக்கரத்தின் இடைவெளியில் எட்டிப் பார்த்தாலே தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் வரப்பு தெரியும். சந்தேகப்பட்டதை மட்டும் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்தால் போதும்.

எனவே 3 ஆண்டு கடந்த எல்லாக் கார்களுக்கும் பிரேக் சோதனையைக் கட்டாயமாக்கக் கோருகிறேன். இயலாதெனில் டிஸ்க் தயாரிப்பாளர்களுக்கு ஓர் உத்தரவு போடுங்கள்: மில்லிமீட்டரை அழித்துவிட்டுப் பிறந்த தேதியைப் பொறிக்கட்டும். முதல் 15 ஆண்டுகளுக்குத் தேயக்கூடாது என்ற சுற்றறிக்கையின் நகலொன்றை டிஸ்க்குக்கும் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் குடிமகன்